அச்சுக்குப் பின்னால் அரை அடி

தொண்ணூறுகளின் நடுவில் பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்தேன். கனடா வந்த பிறகு அது என் ஏழாவதோ எட்டாவதோ வேலை. சாணி அள்ளுவது, வைக்கோல் போடுவது, வாளிகளில் தண்ணீர் நிரப்புவது. அதற்கு முன் சவூதியில் லொறி ஓட்டியிருக்கிறேன், ஜேர்மனியில் கோப்பை கழுவியிருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஒரு இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதாக ஞாபகம் இல்லை.

பண்ணை முதலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய குதிரைகளை ஏற்றி இறக்கிய ஆள் அந்த வசந்தத்தில் தன் பிக்கப்போடு வேறு எங்கோ போய்விட்டான். ட்ரெயிலர் மட்டும் முற்றத்தில் நின்றது. சொந்தமாகப் பிக்கப் உள்ள யாரையாவது தெரியுமா, கிழமைக்கு இரண்டு மூன்று ஓட்டம் இருக்கும் என்று அவர் கேட்டார். நான் யோசிக்காமல் தெரியும் என்றேன்.

நான் நினைத்தது, மோர்னிங்சைட்டில் என்னோடு ஒரே பேஸ்மன்ர் அறையில் இருந்த அண்ணையை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஊரில் பக்கத்துக் கிராமம். பிளாஸ்ரிக் ஃபக்டரியில் ஆறு வருஷம் நின்ற நிலையில் வேலை செய்து காலில் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. மனைவியும் பிள்ளைகளும், அவர் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிடுவார் என்று கொழும்பில் காத்திருந்தார்கள். அவரிடம் அப்போது பிக்கப் கிடையாது. நான் சொன்ன கதையைக் கேட்டு ஃபக்டரியை விட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு பண்ணைக்கு வந்தார். இந்த ஓட்டம் நிலைத்தால்தான் குடும்பம் வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை மூன்று குதிரைகளை வேறொரு பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் முதல் ஓட்டம்.

அது கூஸ்நெக் ட்ரெயிலர். சாதாரண ட்ரெயிலர் போல் பின் பம்பரில் கொழுவுவதில்லை. வாத்தின் கழுத்து மாதிரி வளைந்து வந்து பிக்கப்பின் பெட்டிக்குள் இறங்கும். அதற்குப் பெட்டியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் இரும்புச் சட்டம் வைத்து, மேலே அந்தக் கழுத்தைக் கொழுவ ஒரு இரும்புக் குண்டு பொருத்த வேண்டும். ட்ரெயிலரின் பாரத்தில் நாலில் ஒரு பங்கு அந்தக் குண்டின் மேல்தான் உட்காரும்.

அண்ணைக்கு அந்த ஓட்டைதான் பிரச்சினை. கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்த வாகனத்தில் கண்ட நாளில் ஓட்டை போட அவர் சம்மதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆகாது என்றார். புதன் அட்டமி, வியாழன் நவமி. வெள்ளி நல்ல நாள், ஆனால் ராகுகாலம் கழிய வேண்டும். நான் நாள் பார்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. வாகனம் அவருடையது, குடும்பமும் அவருடையது.

வெள்ளி பின்னேரம் மட்டக்களப்புக்காரர் ஒருவர் தன் கராஜில் வேலையைச் செய்து தந்தார். அவர் அளந்து பார்த்துவிட்டு, பெட்டியின் நீளம் கட்டை, குண்டைப் பின் அச்சுக்கு நேரே வைத்தால் திரும்பும்போது ட்ரெயிலரின் மூக்கு கபினின் பின் கண்ணாடியை உடைக்கும் என்றார். என்ன செய்யலாம் என்று மூவரும் நின்று யோசித்தோம். அரை அடி பின்னுக்குத் தள்ளிப் போடுங்கோ என்று நான்தான் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு போட்டார். பொழுதுபட முன் பண்ணைக்குப் போய் வெறும் ட்ரெயிலரைக் கொழுவி முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினோம். கண்ணாடிக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. உயரமும் சரி, ட்ரெயிலர் மட்டமாக நின்றது. அண்ணை அன்றைக்குத்தான் சிரித்தார்.

சனி காலை குதிரைகளை ஏற்றினோம். சவூதியில் ட்ரெயிலர் இழுத்துப் பழகியவன் என்று நான் ஓட்டினேன். அண்ணை பக்கத்தில் இருந்தார். முதலாளி தன் காரில் பின்னால் வந்தார். முதல் வளைவு வந்தது. ஸ்ரியரிங்கைத் திருப்புகிறேன், வாகனம் நேரே போகிறது, பிறகுதான் திரும்புகிறது. பாரம் அச்சுக்குப் பின்னால் விழுந்து, முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் ஓரத்தில் நிப்பாட்டினேன்.

"ஏன் நிப்பாட்டினனி?"

"இதை ஓட ஏலாது அண்ணை. முன்பக்கம் மிதக்குது."

"மெல்லமாப் போவம். இன்னும் இருவது மைல்தானே?"

"மெல்லமாப் போனாலும் திரும்பாது. பிழை என்ர. நான்தான் பின்னுக்குப் போடச் சொன்னனான்."

"பிழை ஆரில எண்டு நான் கேக்கேல்லை. இறங்கு. நான் ஓடுறன்."

இறங்கினேன். அவர் ஓட்டிக்கொண்டு போனார். நூறு மீற்றர் தூரத்தில் வீதி இலேசாக இடப்பக்கம் வளைந்தது. பிக்கப் வளையாமல் வலப்பக்கச் சரளைக்குப் போய் இரண்டு சக்கரம் இறங்க நின்றது. குதிரைகள் உள்ளே பலகையை உதைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போய்ச் சேரும்வரை அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "நீ சொன்னது சரிதான்" என்றார்.

முதலாளி வந்து குனிந்து குண்டு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு முன் சக்கரங்களைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. எப்போது பொருத்தினீர்கள் என்று கேட்டார். நேற்றுப் பின்னேரம் என்றேன். வாகனம் திங்கட்கிழமையே வந்ததே, அதற்கிடையில் ஒருநாள் பாரம் ஏற்றிப் பார்த்திருக்கலாமே என்றார். அட்டமி நவமியைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்றேன். என்ன கேட்கிறார் என்று அண்ணை விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன்.

குதிரைகளை அங்கேயே இறக்கி நடத்திக்கொண்டு திரும்பினோம். முதலாளியும் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்; ஆளுக்கு ஒரு கயிறு. இரண்டு மைல் இருக்கும். அண்ணை அதுவரை குதிரையைத் தொட்டதில்லை. கையை நீட்டமாக வைத்துக்கொண்டு, அது மூச்சு விடும்போதெல்லாம் விலகி விலகி நடந்தார். "கடிக்குமோடா?" என்று ஒரு தரம் கேட்டார். கடிக்காது, காலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ என்றேன்.

பண்ணையில் முதலாளி என்னிடம் சொல்லி அவருக்குச் சொல்லச் சொன்னார்: நீளப் பெட்டி உள்ள பெரிய பிக்கப் வேண்டும், வேறு ஆள் பார்க்கிறேன். நான் அதைத் தமிழில் சொல்ல வாய் எடுக்க முன், விளங்கீட்டுது என்று அண்ணை கையைக் காட்டினார். பிறகு இருவரும் நடந்துபோய் வெறும் ட்ரெயிலரைக் கொண்டுவந்து முற்றத்தில் கழற்றி விட்டோம்.

வீட்டுக்கு வரும்போது அவர்தான் ஓட்டினார். பாரம் இல்லாமல் அது ஒழுங்காக ஓடியது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மோர்னிங்சைட் சிக்னலில் நிற்கும்போது, மிசிசாகாவில் எயர்போட் பக்கம் ஒரு வெயாஹவுஸில் சாமான் அடுக்க ஆள் எடுக்கிறார்களாம் என்றார்.

"அங்கையும் நிண்டுதான் வேலை செய்ய வேணும் அண்ணை."

"ஓம். இருந்து செய்யிற வேலை எனக்கு ஆர் வச்சிருக்கினம்?"

சிக்னலில் பச்சை விழுந்தது. அவர் ஸ்ரியரிங்கைத் திருப்பினார்.