போர்வைக்காரர் குறைக்க மறுத்த விலை

என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. குடோனுக்கு வருகிற பணக்காரர்கள் எல்லாருக்கும் அவர் போர்வைக்காரர்தான். உள்ளே நாற்பத்திரண்டு கார்கள், நாற்பத்திரண்டு துணி உறைகள். நாளுக்கு ஆறு காராக உறையை உருவி, துடைத்து, மறுபடி போர்த்திவிடுவார். கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் என்மேல் ஒரு தடவையாவது போர்வையை இழுத்து விட்டிருக்கிறீர்களா என்று கேட்டால், "உனக்கென்ன பெயிண்டா உரியப் போகுது?" என்பார்.

அந்தக் கார்களை யாரும் ஓட்டுவதில்லை. பழைய காலத்துக் கார்கள், இரண்டு பேர் மட்டும் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார்கள். வருஷா வருஷம் விலை ஏறும் என்று வாங்கியவை. ஓட்டினால் விலை குறையுமாம். அதனால் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வாடகை கொடுத்து, எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். காசு கொடுத்துக் கால் வாங்கி, நடக்காமல் அதை மடக்கியே வைத்திருக்கிற ஜென்மங்களை நான் இங்கேதான் பார்த்தேன்.

என்னவருக்கு அதெல்லாம் கிடையாது. அவருக்கு வேலைதான் சாமி. வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விடுவார். டயர் ஒரே பக்கமாக அழுந்தக் கூடாது என்று கால் சுற்று தள்ளி, சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு பாட்டரி வயரைக் கழற்றுவார். பெட்ரோல் டாங்க் எப்போதும் கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும். காலி டாங்க் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்குமாம்.

அந்த நாற்பத்திரண்டு டாங்குக்கு மேலேதான் எங்கள் குடித்தனம். இரண்டு அறை, இருபத்திரண்டு படி இரும்பு ஏணிப்படி. கூட அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. முட்டி போய்விட்டதால் அண்ணி கீழே இறங்கி நாலு வருஷமாகிறது. ஜன்னலோரம் ரேடியோவை வைத்துக்கொண்டு, யார் வந்தார், யார் போனார், யார் இளைத்தார் என்று எங்களுக்குச் செய்தி வாசிப்பது அவர்தான். வாயும் கண்ணும் மட்டும் குறையில்லாமல் வேலை செய்யும்.

இந்த வருஷம் முதலில் கவனித்ததும் அண்ணிதான்.

"காரைப் பாக்க வரானுங்க, காரைப் பாக்க மாட்டேங்கறானுங்க. போனையே பாக்கறானுங்க."

விலை இறங்குகிறது என்று கொஞ்ச நாளில் எங்களுக்கும் தெரிந்தது. இங்கே கார் நிறுத்தியிருக்கிற பல் டாக்டர் ஒருவரின் சிவப்புக் காருக்கு இரட்டைப் பிறவி மாதிரி ஒன்று எங்கோ ஏலத்துக்கு வந்து, பாதி விலைக்குப் போனது. அடுத்த ஏலத்தில் அந்தப் பாதிக்கும் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்சூரன்ஸ்காரர் வந்தார். இந்த மாதிரிக் கார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார் அழிந்துபோனால் அன்றைய சந்தை விலையைப் பார்க்க மாட்டார்கள். வருஷ ஆரம்பத்தில் பேசி எழுதிய தொகையை அப்படியே கொடுத்துவிடுவார்கள். எங்கள் குடோனில் அந்தத் தொகைக்கு அடிப்படை என்னவர் எழுதிக் கொடுக்கிற கடிதம்தான். பத்தொன்பது வருஷமாக அவர் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

"சந்தை படுத்துடுச்சுங்க. இந்த வருஷம் பாதியா எழுதிடலாமா?" என்று கேட்டார் அவர்.

"சந்தை படுத்தா என் வண்டி படுத்துடுச்சா? ஒரு கீறல் காட்டுங்க, குறைக்கறேன்" என்றார் என்னவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாற்பத்திரண்டுக்கும் பழைய தொகையையே எழுதினார். அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஐந்து மாதம் போனது. ஒரு புதன்கிழமை காலையில் பல் டாக்டர் வந்தார். வருகிறவர்களில் நல்ல மனுஷன் என்று நாங்கள் நினைத்திருந்தது அவரைத்தான். காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னவர் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பி ஞாயிறு திரும்ப, கடற்கரை ஊருக்கு இரண்டு பஸ் டிக்கெட். அறையும் போட்டிருந்தார்.

"பத்தொன்பது வருஷமா ஒரு நாள் லீவு எடுக்கலையே நீங்க. உங்க மிஸஸைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

இவர் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு ஒட்டவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு டீ வாங்கித் தராதவர் உங்களுக்குக் கடலைக் காட்டறாரா? ஏன் வெள்ளிக்கிழமை?"

"நல்லது செஞ்சாலும் உனக்குக் குத்தம்."

"நீங்க போங்க. எனக்கு ரேடியோ இருக்கு, நான் இருந்துக்கறேன்" என்றார் அண்ணி.

மறுநாள் வியாழன், சிவப்புக் காரின் முறை. போனவர் பாதியிலேயே மேலே வந்துவிட்டார். கை துடைக்கிற துணி கையிலேயே இருந்தது.

"பாட்டரி வயர் மாட்டியிருக்கு. நான் கழட்டினது."

"அவர்தான் நேத்து உக்காந்திருந்தாரே."

"அவங்கப்பா போட்டோவும் இல்லை."

டாக்டருடைய அப்பாவின் படம், உள்ளங்கை அளவு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அதை எடுத்ததே இல்லை.

வயர் மாட்டியிருந்தால் கரன்ட்டால் பிடித்த தீ என்று சொல்லிக்கொள்ளலாமே என்று நான் நினைத்ததைச் சொன்னேன். என்னவருக்குக் கோபம் வந்தது. "மழை படும்னு தன் கல்யாணத்துக்கே டாக்சியில போனவரு, அந்த வண்டியைக் கொளுத்துவாரா?"

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுவாங்க" என்றார் அண்ணி, ஜன்னலிலிருந்து திரும்பாமல். "இப்போ இருந்தா ஐந்நூறுக்கும் ஆள் இல்லை. செத்தாத்தான்டா ஆயிரம். நீதானே எழுதிக் குடுத்தே?"

என்னவர் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"சார், வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் கிளம்பிடறோம். எங்க அக்கா மட்டும் மாடியில இருந்துக்கறேங்கறாங்க. அவங்களால படி இறங்க முடியாது."

அந்தப் பக்கம் பல் ராவுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எந்த அக்கா?"

"கூடப் பிறந்தவங்க சார். நாலு வருஷமா இங்கதான் இருக்காங்க."

"யாரும் சொல்லலையே எங்கிட்ட."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு டிக்கெட் அனுப்பறேன். தூக்கிட்டாவது போயிடுங்க, ப்ளீஸ்."

என்னவர் போனை வைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினார்.

குடோன் முதலாளியிடம் சொன்னால் சிரித்தார். சொந்த அப்பா போட்டோவை எடுப்பது குற்றமா என்றார். பூட்டை மாற்றச் சொன்னோம். வாடகைக்காரர்கள் எல்லாரிடமும் ஆளுக்கொரு சாவி இருக்கிறது, பிடுங்கினால் காரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். டாங்குகளைக் காலி செய்யவும் விடவில்லை. துருப்பிடித்தால் யார் பதில் சொல்வது? அதைச் சொல்லிக் கொடுத்ததே என்னவர்தான். இன்சூரன்ஸ்காரரோ, எழுதின தொகை எழுதினதுதான், இன்னும் ஏழு மாதத்துக்கு மாற்ற முடியாது என்றார்.

"நானே எண்ணெய் ஊத்தி, நானே திரியும் போட்டு வச்சிருக்கேன்" என்று படியில் உட்கார்ந்து அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். திட்டத்தான் போனேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணியை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். "மெதுவாடா, நான் உன் வண்டி இல்லை, கீறல் விழுந்தா வலிக்கும்" என்று அண்ணி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சாயங்காலம் டாக்டரின் வெள்ளைக் கார் மெதுவாக வந்தது. எங்களைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு மேலே ஏறப் பயமாக இருந்தது. கேட்டை ஒட்டின காவல் அறையிலேயே மூன்று பேரும் நெருக்கியடித்துப் படுத்தோம். அண்ணி இப்போது வாசலிலேயே உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்தார். ஒரு மாதம் அப்படியே ஓடியது. பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன்.

போன திங்கட்கிழமை நகைக்கடைக்காரர் வந்தார். அவருடைய பச்சைக் கார் இரண்டாவது வரிசையில் நிற்கிறது. டிக்கியைத் திறந்து ஒரு பழைய குடையை மட்டும் எடுத்துக்கொண்டார். வெளியே வந்தவர் எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, அண்ணியிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மாடியில இப்போ யாரும் இல்லைங்களாம்மா?"

அண்ணி ஒரு நொடிதான் யோசித்தார்.

"ஏன் இல்லை? மூணு பேரும் மேலதான் இருக்கோம். சும்மா காத்து வாங்க இறங்கினேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, தம்பியைக் கூப்பிட்டார்.

"தூக்குடா. மேல போலாம்."

எங்களுக்கும் புரிந்துவிட்டது. இத்தனை நாள் அந்தக் கார்களைக் காப்பாற்றியது பூட்டும் இல்லை, என்னவரும் இல்லை. மேலே ஆள் இருக்கிறது என்பதுதான். இருபத்திரண்டு படியும் அவர் ஏற, பின்னால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன்.

இப்போது ஜன்னல் பொழுதுக்கும் திறந்தே இருக்கிறது. தெருவரைக்கும் கேட்கிற மாதிரி அண்ணி ரேடியோவை அலற விடுகிறார். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.