கீழ்வீட்டிலேயே இருந்த பதில்

அன்பான சகோதர சகோதரிகளே, போன டிசம்பரில் ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. பொறுமைசாலியின் சாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதம் முழுக்க நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டுதான் இருந்தேன்.

பாரிவாக்கத்தில் இரண்டாம் மாடியில் எங்கள் ஃப்ளாட். லிஃப்ட் கிடையாது. ஜூன் மாதம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடப்பார், படி இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். மற்ற நாளெல்லாம் பால்கனிதான். "நான் இனிமே கீழ போவேனா ஸ்டெல்லா?" என்று ஒரு நாள் கேட்டார். இந்த ஃப்ளாட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம்.

வீட்டுத் தரகர் வந்தார். வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத்தான் முதலில் பார்த்தார். "இத்த கழட்டிடுக்கா. வர்ற பார்ட்டி இன்னா நெனைப்பான்? அப்பறம், அக்கம்பக்கத்துல மூச்சு உடாத. எவனாவது வெலய கெடுத்துடுவான்" என்றார். நட்சத்திரத்தைக் கழற்ற மாட்டேன் என்றேன். வாயை மட்டும் மூடிக்கொண்டேன். விற்பதற்காக அடித்த பெயின்டின் வாசனை பிடித்து விசாரித்தவர்களிடம் எல்லாம், கிறிஸ்துமஸ் வருகிறதே என்று சொல்லிவைத்தேன்.

பெயின்டர் ஹாலில் பாதியை அடித்துவிட்டு, குமணன்சாவடியில் வேறு வேலை என்று போய்விட்டார். பண்டிகைச் சமயமாம். வீடு பார்க்க வந்தவர்களோ ஈரப் பெயின்டில் கை வைத்துவிட்டு என் திரைச்சீலையில் துடைத்தார்கள். நான் கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்று அடுப்பு எந்தத் திசை என்று போனில் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து, "வீடு நல்லாத்தான் கீது. மார்கழில அட்வான்ஸ் குடுக்க மாட்டோம். தை பொறக்கட்டும்" என்றார்கள். இதை மாடி ஏறும் முன்பே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எனக்கு அலுத்துவிட்டது. யார் யாரோ வந்து பார்ப்பதற்காக வீட்டைப் பெருக்கியே என் இடுப்பு போய்விட்டது. வாங்குகிறவரை அனுப்பும், இல்லையென்றால் இவருக்குக் காலைக் கொடும்" என்று அழுதேன். ஜெபம் செய்தேனா சண்டை போட்டேனா, எனக்கே தெரியவில்லை.

இந்த வருடம் யாருக்கும் பலகாரம் கிடையாது என்று சொல்லியிருந்தேன். என் கணவர் விடவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் வேண்டாவெறுப்பாகப் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு, தரைத்தளத்தில் இருக்கும் கீழ்வீட்டு வசந்தாவிடம் போனேன்.

"இன்னாக்கா, நல்ல நாள்ல மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். தரகரின் எச்சரிக்கை எல்லாம் மறந்து, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். "இத்த எங்கிட்ட சொன்னா இன்னாக்கா? எம்பொண்ணு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்லதான் தூங்குது. ஜன்னலாண்டயே எல்லாரும் வண்டிய ஸ்டார்ட் பண்றாங்கோ. நாங்க மாடி ஊடா தேடிகினு கீறோம். நீ கீழ வா, நாங்க மேல போறோம்."

இரண்டு வீடும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. "மார்கழியாச்சே?" என்றேன் சந்தேகத்தோடு.

"பத்திரம் தையில வெச்சிக்கலாம். பேசி முடிக்கறதுக்கு மார்கழி இன்னா பண்ணும்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரிடம் மறைத்தேனோ அவளிடமே ஆண்டவர் பதிலை வைத்திருந்தார். பொங்கல் கழிந்து பதிவு முடித்தோம், வீடு மாறினோம். இன்று எங்கள் குடும்ப ஜெபம் நன்றியில்தான் தொடங்குகிறது.

பிரியமானவர்களே, அலுத்துப்போனவர்களும் அவரை நம்பி ஜெபிக்கலாம். அழகாகப் பேச வராவிட்டால் சண்டையாவது போடுங்கள், கேட்பார். அவர் யார் மூலமாகப் பதில் தருவார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

சாமான் இறக்கிய அன்று மாலை என் கணவரைக் காணோம். பதறிப்போய்த் தெருவில் ஓடினேன். முனையில் இருந்த டீக்கடையில், கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"நானே நடந்து வந்தேன் ஸ்டெல்லா" என்றார்.