மொரீன் வீட்டு டினர்

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள கடையின் குளிர்ப்பெட்டியில் இளஞ்சிவப்பு இறைச்சிப் பொதிகள் குவியத் தொடங்கும். உப்புத் தண்ணீரில் பல நாள் ஊறிய மாட்டிறைச்சி. கோர்ன்ட் பீஃப் என்பார்கள். அயர்லாந்து வழிவந்தவர்களின் பெருநாளை ஒட்டி வருவது. ஒவ்வொரு பொதியோடும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் கடுகு, மல்லி, மிளகு, காய்ந்த இலை ஒன்று. முதன்முதலில் அதைப் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஊரில் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டதுபோல நின்றுவிட்டேன். ஆனால் இங்கே யாரும் அதை வறுப்பதுமில்லை, அரைப்பதுமில்லை. அப்படியே தண்ணீரில் கொட்டி, இறைச்சியோடு நாலு மணித்தியாலம் அவிய விடுகிறார்கள். அந்த ஆவியில் எனக்குத் தெரிந்த மல்லியின் வாசத்தை இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கண்டுபிடித்ததில்லை. எங்கள் தீவுக் கிராமமான பேசாலையில் கோர்ன்ட் பீஃப் என்றால் தகர ரின்னில் அடைத்து வருவது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அப்பா ஒரு ரின் வாங்கிவருவார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் அள்ளிப்போட்டுப் பிரட்டி, எட்டுப் பேர் சாப்பிடுவோம்.

இந்த நாட்டுக் கோர்ன்ட் பீஃபை எனக்குக் காட்டியவர் மொரீன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் மொரீன், பரமேஸ் அக்கா, நான் என்று மூன்று பேரும் பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். மொரீன்தான் தலைமைச் சமையற்காரி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊரில் என்றால் அக்கா என்றோ அன்ரி என்றோ கூப்பிட்டிருப்பேன். இங்கே முதலாளியைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதால் வெறும் மொரீன். கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாண்ட் தீவில் பிறந்தவர். எல்லோரையும் ‘மை லவ்’ என்றுதான் அழைப்பார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து வந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு வேலைக்கு நிற்கும் பரமேஸ் அக்கா முதல் நாளே என் காதுக்குள் கேட்டார். “என்ன ஸ்ரெல்லா, இந்த மனுசி அரிசி கொண்டுவாறவனையும் லவ் எண்டுறா, என்னையும் லவ் எண்டுறா?”

நாங்கள் சேர்ந்த அடுத்த மார்ச் மாதம் மொரீன் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை டினருக்கு வாருங்கள், கோர்ன்ட் பீஃபும் கபேஜும் சமைக்கிறேன் என்றார். நாங்கள் கோவா என்று சொல்லும் முட்டைக்கோசு. டினர் என்றால் இரவுச் சாப்பாடு என்றுதான் ஆங்கில வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே கேக் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, வெக்ஸ்போர்டில் இருந்த அவருடைய சின்னச் செங்கல் வீட்டுக்கு மாலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த மொரீன் பூப்போட்ட சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசியிருந்தார். சாயம் பாதி அழிந்திருந்தது. கணவர் ஃபிராங்க் சாய்வு நாற்காலியில் நித்திரையாக இருந்தார். எங்களைக் கண்ட மொரீன், “வந்திட்டீங்கள், மை லவ்” என்று இருவரையும் கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப்போனார். கோவா கூழாகக் குழைந்திருந்தது. இறைச்சியின் ஓரங்கள் காய்ந்திருந்தன. வெள்ளைக்காரர் இப்படித்தான் சமைப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பரமேஸ் அக்காவுக்கு ஒரு குழப்பம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. தட்டைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். “கோர்ன் எண்டுதானே சொன்னவ? சோளத்தைக் காணேல்லை?”

“அக்கா, இது மாடு.”

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கோவாவும் உருளைக்கிழங்கும் அதே தண்ணீரில் அவிந்தவை. வயிறு சரியில்லை என்று சொல்லி, பாணும் பட்டரும் மட்டும் சாப்பிட்டார். மொரீன் வற்புறுத்தவில்லை. எங்களை வழியனுப்பும்போது அவர் முகம் வாடியிருந்ததைக் கண்டேன். காரணம் எனக்கு விளங்கவில்லை.

விளங்க ஆறு வருடம் எடுத்தது. வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி டினரா சப்பரா என்று ஏதோ கேட்க, மொரீன் சொன்னார்: “எங்கட தீவிலை டினர் எண்டால் மத்தியானம். இரவிலை சாப்பிடுறதுதான் சப்பர்.” கரட் சீவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கு எத்தனை மணிக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். “பன்னிரண்டரைக்கு மேசை போட்டனான்” என்றார். ஆறு மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “கடைசியிலை வந்தீங்கள்தானே” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரமேஸ் அக்காவின் பாணும் பட்டரும் கதையை நான் முதல் வருடமே மொரீனிடம் சொல்லியிருந்தேன். அடுத்த மார்ச்சில் டினர் என்று சொல்லாமல் ஆறரைக்கு வாருங்கள் என்றே அழைத்தார். அவருடைய அடுப்பில் பெரிய பானைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நீலச் சட்டி இருந்தது. அதில் கோவா, கரட், உருளைக்கிழங்கு எல்லாம் இறைச்சி படாமல் வெறும் உப்பில் அவிந்தன. துணிப் பையில் கட்டி அவிக்கும் மஞ்சள் பருப்பும் அதற்குள் கிடந்தது. தங்கள் தீவில் இந்தப் பருப்பில்லாமல் ஞாயிற்றுச் சாப்பாடு இல்லை என்றார் மொரீன். பரமேஸ் அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தார். “இது எங்கட கடலைப்பருப்புப் போலத்தானே கிடக்கு. பாவம், தாளிக்கத் தெரியேல்லை” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொன்னேன். மொரீனுக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த மேசையில்தான் அவருடைய தீவைப் பற்றிக் கேட்டறிந்தேன். அவருடைய அப்பா, சகோதரர்கள் எல்லோரும் மீன்பிடிகாரர். ஒரு காலத்தில் கடலில் மீன் அற்றுப்போக, மீன்பிடியே கூடாது என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. படகுகளைக் கரையில் கவிழ்த்துவிட்டு ஊரே பிழைப்புத் தேடி ரொறன்ரோவுக்கும் மேற்குக்கும் புறப்பட்டது. நானும் தீவுக்காரி, மீன்பிடிகாரன் மகள்தான் என்று சொன்னேன். “உங்களுக்கும் மீன் இல்லாமல் போச்சுதோ?” என்று கேட்டார். மீன் இருந்தது, கடலுக்குப் போகத்தான் விடவில்லை என்றேன். யார் விடவில்லை என்று கேட்டார். எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்தில் கடற்படையையும் எரிந்த வள்ளங்களையும் மடு மாதா கோவிலுக்குத் தஞ்சம் தேடி ஓடியதையும் எப்படிச் சொல்வது? “கவர்ன்மென்ட்” என்றேன். மொரீன் பலமாகத் தலையாட்டினார். தன்னுடைய கவர்ன்மென்டும் என்னுடைய கவர்ன்மென்டும் ஒரே காரியத்தைத்தான் செய்தன என்று அவர் நினைத்திருப்பார். நான் திருத்தவில்லை. ஒருவர் தானாக முன்வந்து என் துக்கத்தில் பங்கு எடுக்கும்போது அளவு சரியில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அம்மா பேசாலையில் கண்மூடியபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போனால் திரும்ப முடியாது. செய்தி விடியற்காலை வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல வேலைக்குப் போய்க் கரட் சீவிக்கொண்டிருந்தேன். மொரீன் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த கத்தியை எடுத்து வைத்துவிட்டு, பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என்னை இருத்தி, இன்னொன்றைக் கவிழ்த்துத் தானும் பக்கத்தில் இருந்தார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு அரை மணித்தியாலம் பிந்தியது. மேலிடத்தில் அதற்கு அவர் பேச்சு வாங்கியதைப் பிறகு பரமேஸ் அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

இப்படிப்பட்டவரை நான் எப்படிக் கைவிட்டேன் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. வேலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றோம். பரமேஸ் அக்கா மகனோடு யூனியன்வில்லுக்குப் போய்விட்டார். ஃபிராங்க் இறந்தார். என் கணவரும் போனார். என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒரு மார்ச் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், அடுத்த மார்ச் மாதம் எனக்கு முழங்கால் வலி. மொரீன் இடையில் இரண்டு மூன்று தடவை தொலைபேசியில் அழைத்தார். “வாறன், கட்டாயம் வாறன்” என்றேன். டோர்செட் பார்க்கில் என் கட்டடத்து வாசலில் பஸ் ஏறினால் கால் மணித்தியாலத்தில் அவர் வீடு. போகவில்லை.

இந்த வருடம் பெப்ரவரி கடைசியில் மீண்டும் அழைத்தார். குரல் மெலிந்து, காற்றுப்போல வந்தது. வயிற்றில் வந்த நோய் ஈரலுக்கும் பரவிவிட்டதாம். வைத்தியம் போதும் என்று நிறுத்திவிட்டாராம். “பானையைத் தூக்க ஏலாமல் கிடக்கு. நீ வந்து சமைப்பியோ?” என்று கேட்டார். எத்தனை மணிக்கு என்றேன். “டினருக்கு” என்றவர், “மத்தியானம், மை லவ்” என்றும் சேர்த்துக்கொண்டார். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். கதவைத் திறந்தவர் அவருடைய மகன் டெரெக். அல்பேர்ட்டாவில் எண்ணெய் வயலில் வேலை செய்பவர், தாயைப் பார்க்க விடுப்பில் வந்திருந்தார். இறைச்சிப் பொதியைக் கண்டதும் முகம் சுளித்தார். “அம்மாவுக்கு உப்புக் கூடாது. ரெண்டு கரண்டி சூப்புக்கூட இறங்குதில்லை. ஏன் இந்த வேலை?” என்றார். நான் பதில் சொல்லுமுன் அறைக்குள்ளிருந்து மொரீனின் குரல் கேட்டது. “டெரெக், அவளைச் சமைக்க விடு.” அவ்வளவுதான். பானையை எடுத்து அடுப்பில் வைத்தேன். கடுகும் மல்லியும் இருந்த அந்தச் சின்னப் பையைப் பிரித்தபோது, வழமைபோல வறுக்கச் சட்டியைத் தேடியது கை. அடக்கிக்கொண்டு அப்படியே தண்ணீரில் கொட்டினேன். நீலச் சட்டியில் கோவாவையும் பருப்பையும் வேறாக வைத்தேன். நான் அழைத்திருந்த பரமேஸ் அக்கா பதினொரு மணிக்கு மகனின் காரில் வந்து இறங்கினார். மொரீனைக் கண்டதும் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். பெரிய உருவமாய்ச் சமையலறையை நிறைத்து நின்ற மனுசி, தலையணையில் ஒரு சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார்.

பன்னிரண்டரைக்கு மேசை போட்டோம். டெரெக் தாயைத் தூக்கிவந்து நாற்காலியில் இருத்தித் தலையணை வைத்து அணை கொடுத்தார். தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். மொரீன் முள்ளுக்கரண்டியை எடுத்தார். அது கையில் நிற்கவில்லை. இரண்டு தரம் விழுந்தது. டெரெக் எழுந்து ஜன்னலுக்கு அருகே போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுவதற்கிடையில் பரமேஸ் அக்கா தன் நாற்காலியை இழுத்து மொரீனுக்குப் பக்கத்தில் போட்டார். வேலையிடத்தில் இறைச்சியென்றால் இரண்டு சோடிக் கையுறை போட்டுத் தொட்டவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையால் அந்த இறைச்சியை எடுத்தார். நூல் நூலாகக் கிழித்தார். கோவாவோடும் பருப்போடும் சேர்த்து விரல்களால் மசித்து, சின்ன உருண்டையாக்கி மொரீனின் வாய்க்கு நேரே கொண்டுபோனார்.

“ஆ காட்டுங்கோ.”

தமிழில்தான் சொன்னார். மொரீன் வாயைத் திறந்தார். மெதுவாக மென்றார். நீண்ட நேரம் எடுத்து விழுங்கினார். இன்னொரு உருண்டை. மூன்றாவதோடு போதும் என்று கையைக் காட்டினார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, எங்கள் பழைய தலைமைச் சமையற்காரியின் குரலில் சொன்னார்:

“உப்புக் காணாது.”

டெரெக்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு இடையில் முறிந்து அழுகையாக மாறியது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். பரமேஸ் அக்கா கையைக் கழுவிவிட்டு நீலச் சட்டியிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். மகனின் கார் வரும்வரை வாசலில் காத்து நின்றபோது, “வீட்டை போய் முழுகவேணும்” என்றார். பிறகு, “என்ரை அம்மாவுக்கு நான் ஒரு வாய் சோறு தீத்தேல்லை, ஸ்ரெல்லா. சண்டைக்குள்ளை பாதை பூட்டிக் கிடந்தது” என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். உறைந்து கிடந்த பனிமேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கிழவிகள் கைகோத்து நின்றதைப் போனவர்கள் வந்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பதினொரு நாளில் மொரீன் போய்விட்டார். எங்கள் ஊர் மாதா கோவிலில் செய்வதுபோலவே இறுதிப் பூசை, பாட்டு, தூபம் எல்லாம் இருந்தன. ஆனால் யாரும் வாய்விட்டு அழவில்லை. அப்படி அழுத ஒரே ஆள் பரமேஸ் அக்கா. உடலை எரித்தார்கள். சாம்பலில் பாதியைத் தன் தீவுக் கடலிலும் மறு பாதியை இங்கே ஃபிராங்கின் குழியிலும் சேர்க்கவேண்டும் என்று மொரீன் எழுதி வைத்திருந்தாராம். அப்படிப் பிரிப்பதைத் திருச்சபை விரும்புவதில்லை. சுவாமியாரிடம் நாங்கள் சொல்லவில்லை. நிலம் இன்னும் இறுகிக் கிடந்ததால் மே மாதம்தான் இங்கே குழி திறக்கலாம் என்றார்கள். டெரெக் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு சாம்பல் பெட்டியோடு கிழக்கே விமானம் ஏறினார். மற்றப் பெட்டியை அதுவரை வைத்திருக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். பதினாலாம் மாடியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், அலுமாரி மேல் வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை பேசாலையிலிருந்து என் தங்கச்சி வீடியோவில் அழைத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. வழமையான கேள்விதான். “அக்கா, எப்ப வீட்டை வாறாய்?” நான் வீட்டில்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கிடையில் அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “உனக்குப் பின்னாலை அது என்ன பெட்டி?”

“என்ரை சிநேகிதி. மொரீன். பாதிதான் இங்கை இருக்கிறா.”

“மற்றப் பாதி?”

“ஊருக்குப் போயிட்டா.”

தங்கச்சி சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் சேவல் கூவியது. கடற்கரைப் பக்கம் வள்ளம் ஒன்றின் இயந்திரம் உயிர்பெறும் சத்தம் கேட்டது.

“நீயெண்டாலும் முழுசா வா, அக்கா” என்றாள்.

என் கணவரை ஸ்காபரோ மண்ணில் அடக்கம் செய்து ஒன்பது வருடமாகிறது. அவருக்குப் பக்கத்து இடத்தை எனக்கென்று கேட்டு நான்தான் கையெழுத்து வைத்தேன். அது அவளுக்கும் தெரியும். திரையில் அவளுடைய முற்றம் வெளுத்துக்கொண்டு வந்தது. என் ஜன்னலுக்கு வெளியே லோரன்ஸ் வீதியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.