நாற்பது வீட்டுக்கும் ஒரே முகவரி

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகள் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்த சமயம், பாடசாலையில் இலவச உதவி நாள் நடந்தது. ஒரு மேசையில் வரி இலக்கம் எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொன்றில், பதுளையில் நடக்கும் பல்கலைக்கழக ஆயத்த வகுப்புக்கு மகளின் பெயரில் படிவம் நிரப்பினார்கள். முகவரி கேட்டதும் வழக்கம்போலத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயங்களில் நாற்பது வீடு, யாருக்கும் தனி முகவரி இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அடிக்கடி போய்க் கேட்டால் கிளாக்கர் ஐயா எரிந்து விழுவார் என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு நாள் லீவு கேட்கப் போனபோது, ஜன்னலோரக் கடிதக் கட்டில் மகளின் பெயர் தெரிந்தது. பிரித்தால், அந்த வகுப்புக்கான நேர்முகத் தேர்வு அன்றைக்கே பகல் பன்னிரண்டுக்கு!

"ஐயா, இது எப்ப வந்துச்சு?"

"யாரும் வந்து கேக்கலியே."

காலை பஸ் போய்விட்டது. அடுத்தது பகலுக்கு மேல்தான். "இப்ப என்னம்மா செய்றது?" என்று மகள் அழுதாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, ஓடக்கூட வழியில்லை.

பதுளைக்குப் புறப்பட்ட பெக்டரி லொறியை மறித்தேன்.

"ஆளுங்கள ஏத்தினா என் வேல போயிரும்க்கா" என்ற டிரைவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் இடம் கிடைத்தது.

இப்போது வாரம் இரண்டு தடவை போய் அந்தக் கட்டு முழுவதையும் பார்க்கிறேன். அடுத்த வீட்டுக் கடிதமானாலும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கிளாக்கர் ஐயா எரிந்துதான் விழுகிறார்.

விழட்டும்.