அரக்கு முத்திரையும் ஏழு இறாத்தல் காற்றும்

அக்குறணை ஜமால்தீன் முதலாளி தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற மனிதர். மிளகு கொண்டுவருபவன் சாக்கின் வாயைத் திறந்து காட்டினால், இவர் அடிப்பக்கத்தைக் குத்தி எடுத்துப் பார்ப்பார். பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறான். சிரிக்காவிட்டால் கூடுதலாகக் கலந்திருக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்கு நட்டநடு வெயிலில் நிற்பதும் பேய்தான். கெட்ட மனிதர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி தெரு முழுக்கப் போகும். என்ன, வழியில் யாரும் குடித்துவிடாதபடி பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டி அனுப்புவார்.

வியாபாரத்தில் இந்தக் குணம் அவருக்குக் கைகொடுத்தது. கொழும்புக்கு அனுப்பும் மிளகுச் சாக்கின் தையல் முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, விரலில் கிடக்கும் வெள்ளி மோதிரத்தைப் பதித்துவிடுவார். அங்கே இறங்கும்போது முத்திரை உடையாமல் இருந்தால் சரக்கும் குறையவில்லை என்று அர்த்தம். இருபது வருஷமாக அந்த மோதிரம் பொய் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு பழைய லொறி ஒன்றை வாங்கினார். நுவரெலியாவில் முட்டைக்கோவாவும் கரட்டும் ஏற்றி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், வரும்போது கருவாடு ஏற்றிவருவது தொழில். ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவனைத் தனியே விடவும் மனம் வராது. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் அவனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ஓட்டுகிறவன் பெயர் சின்னமுத்து. ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, துரையின் மோட்டாரைக் கழுவிக் கழுவியே ஓட்டப் பழகியவன். மனைவி ரத்தினம்மாவோடும் மகள் இராஜகுமாரியோடும் முதலாளியின் மிளகுக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த அறையில் குடியிருந்தான். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தோட்டத்தில் வேலை வாங்கும் பழைய கங்காணி மாதம் ஒரு தரம் சந்தைக்கு வரும்போதெல்லாம், "எப்ப தோட்டத்து லயத்துக்குத் திரும்புறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். திரும்பினால் மகளின் கையில் புத்தகத்துக்குப் பதிலாகக் கொழுந்துக்கூடைதான் இருக்கும். அதனால் முதலாளி என்ன ஏசினாலும் சின்னமுத்து வாயைத் திறப்பதில்லை.

வினையெல்லாம் காற்று அளக்கிற கேஜ் ஒன்றை ஜமால்தீன் வாங்கிய நாளிலிருந்துதான் தொடங்கியது. டயருக்கு நாற்பது இறாத்தல், அதாவது நாற்பது பவுண்டு அழுத்தத்தில், காற்று வேண்டும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அந்தக் கேஜ் அவருடைய இடுப்பு வாரிலேயே குடியிருந்தது.

நுவரெலியாவில் பின்னேரம் போய் இறங்கியதும் அளந்தார். நான்கு டயரிலும் நாற்பது. விடியற்காலையில், புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்த நேரத்தில், மறுபடி அளந்தார். முப்பத்து மூன்று!

"ஏழு இறாத்தல் எங்க போச்சு?"

"பனிக்குக் காத்துச் சுருங்கிப் போவுதுங்க மொதலாளி. வெயில் ஏறுனா தானா கூடிக்கும்."

"காத்து என்ன கம்பளிச் சட்டையா, சுருங்கிறதுக்கு? எனக்கா கத சொல்ற?"

நாற்பது வரும்வரை பம்ப் அடிக்க வைத்தார். மத்தியானம் தம்புள்ளையில் லொறி நின்றபோது அளந்தால் நாற்பத்தேழு. மலையில் இறக்குகிறான், வெயிலில் திணிக்கிறான் என்று முதலாளியின் மனம் கூட்டிப் பார்த்தது. வால்வைத் தன் கையாலேயே அழுத்தி, மிச்சக் காற்றைப் புஸ்ஸென்று வெளியேற்றி நாற்பதுக்குக் கொண்டுவந்தார்.

"சூட்டுல தொறந்து விடாதீங்க மொதலாளி. ஆறுனா ரொம்பக் கொறைஞ்சிரும். கொறைஞ்ச டயரு மடிஞ்சு மடிஞ்சு ஓடி வெடிச்சிரும்" என்று சின்னமுத்து கெஞ்சினான். அப்படிக் கெஞ்சுவதே பெரிய சந்தேகமாகப் பட்டது முதலாளிக்கு. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

அந்த வருஷத்தில் நாவுலைப் பக்கம் இரண்டு டயர் வெடித்தன. புது டயர் வாங்கக் கண்டியில் ஒரு கடைக்குப் போனபோது, கடைக்காரர் சின்னமுத்துவைக் கதிரையில் உட்காரவைத்து ஒரு பிளேன்டீ கொடுத்தார். அந்த ஒரு பிளேன்டீயில் ஜமால்தீனுக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது. டயரைக் கெடுப்பது இவன், விற்பது அவன், பங்கு இரண்டு பேருக்கும். இனி வேண்டியது சாட்சி ஒன்றுதான்.

அடுத்த மாசி மாதம் சாட்சி தேடப் புறப்பட்டார். மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பது பழமொழி. நுவரெலியாவில் அது மனிதனின் எலும்பையும் விட்டுவைப்பதில்லை. பின்னேரம் போய்ச் சேர்ந்ததும் நாற்பது இருப்பதைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து அரக்குக் குச்சியை எடுத்து, நான்கு வால்வு மூடிகளின் மேலும் உருக்கி ஊற்றி மோதிரத்தைப் பதித்தார். சின்னமுத்து பார்த்துக்கொண்டே நின்றான்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். நான்கு முத்திரையும் பதித்தது பதித்தபடியே இருந்தன. அரக்கை உடைத்து அளந்தார். நான்கிலும் முப்பத்து மூன்று.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த டிரைவர் சொன்னது சரிதானோ என்று யோசித்திருப்பார்கள். ஜமால்தீனின் புத்தி எதிர்ப்பக்கம் ஓடியது. உடையாத முத்திரைக்குள்ளிருந்து காற்றை எடுக்கிறான் என்றால், என் முத்திரைக்கே கள்ள முத்திரை செய்து வைத்திருக்கிறான்! நாளைக்கு மிளகுச் சாக்கிலும் கைவைப்பான்! உண்மையாகவே பயந்துபோனார்.

காற்றடிக்க விடவில்லை. குறைந்த டயரை அப்படியே கண்டிக் கடைத்தெருவில் நாலு பேருக்குச் சாட்சியாகக் காட்ட வேண்டுமென்று, முப்பத்து மூன்றோடேயே மறுபடி அரக்கு ஊற்றி முத்திரை பதித்தார். இந்த முறை யாரும் அச்செடுத்துவிடாதபடி மோதிரக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் கண்டிக்கு வந்தபோது ஆத்திரம் பொறுக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போகாமல் நேரே மாத்தளை ரோட்டிலுள்ள அக்குறணைக்கு விடச் சொல்லி, கொட்டில் வாசலில் இறங்கி, மைத்துனன் ஹபீலைக் கூப்பிட்டார்.

"இவன் கள்ளன். இதுதான் கடைசிப் பயணம். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அறை காலியாகணும்."

அறை வாசலில் நின்ற ரத்தினம்மா அதைக் கேட்டாள். தெருவில் நின்ற ஐந்தாறு பேரும் கேட்டார்கள். சின்னமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று செவ்வாய்க்கிழமை.

மாத்தளை தாண்டியதும் வெயில் ஏறியது. வழியில் எங்கும் நிறுத்த விடவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட இறங்காமல் தம்புள்ளை வந்து, தபால் கந்தோருக்கு எதிரே நிறுத்தினார்கள். சின்னமுத்து இறங்கி தூரத்து மரத்தடியில் போய் நின்றுகொண்டான். ஜமால்தீன் பழக்க தோஷத்தில் கேஜை எடுத்துக்கொண்டு குனிந்தார். முத்திரை சரியாக இருந்தது. மோதிரமும் விரலில் இருந்தது. அரக்கை உடைத்துக் கேஜை வைத்தார்.

நாற்பது.

அடுத்த டயர். அதுவும் நாற்பது. நான்கும் அப்படியே. டயரைத் தொட்டால் கை சுட்டது.

விடியற்காலையிலிருந்து இந்த லொறியை விட்டு அவர் கண் அகலவில்லை. பம்ப் அவருடைய காலடியில் கிடந்தது. எடுத்த ஏழு இறாத்தலையும் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற கள்ளன் உலகத்தில் உண்டா? பனி சுருக்கியதை வெயில் விரித்திருக்கிறது. சின்னமுத்து முதல்நாளே சொன்ன அதே கதைதான். அப்படியென்றால் வருஷம் முழுக்கத் தம்புள்ளை வெயிலில் காற்றைத் திறந்துவிட்டு, இரண்டு டயரையும் வெடிக்க வைத்தது யார்? கேஜைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தார். அவருக்கு வெட்கம் வந்தது. அப்படி ஒரு வெட்கத்தை அந்த வயதுவரை அவர் அறிந்ததில்லை.

மரத்தடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. நடுத்தெருவில் கள்ளன் என்று சொன்ன வாயால், டிரைவரிடம் போய்ப் பிழைவிட்டேன் என்று சொல்வதா? வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம் இருக்கிறதே! வியாழன் திரும்பிப் போனதும் அறையிலேயே இருக்கச் சொன்னால், அவனாகவே விளங்கிக்கொள்வான். மன்னிப்பு என்ற சொல் வெளியே வராமலே காரியம் முடிந்துவிடும். இப்படித் தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு லொறியில் ஏறினார். திருகோணமலையில் மரக்கறியை இறக்கி, கருவாடு ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

வியாழன் பின்னேரம் கொட்டில் வாசலில் லொறி நின்றது. அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கூட்டிப் பெருக்கியிருந்தது.

"எங்கடா ரத்தினம்மாவும் புள்ளையும்?" என்றார் ஜமால்தீன்.

"போயிட்டாங்க மச்சான்" என்றான் ஹபீல். "நேத்துக் கங்காணி சந்தைக்கு வந்தாரு. கள்ளன் பொஞ்சாதின்னு தெருவெல்லாம் பார்க்குதாம், வெள்ளி வரைக்கும் இரிக்க ஏலாதுன்னு அந்தப் பொம்புள சொல்லிச்சு. தோட்டத்துல பேர் பதிய கைநாட்டும் வெச்சிக் குடுத்திட்டு, புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு."

சின்னமுத்து லொறியிலிருந்து இறங்கி, வெற்று அறையை ஒருதரம் எட்டிப் பார்த்தான். ஜமால்தீன் அவன் பின்னாலேயே ஓடினார். இப்போது நாக்கு எழுந்தது.

"சின்னமுத்து, பிழை என்ட. டயர் வெடிச்சதும் என்ட கையாலதான். நீ கள்ளன் இல்லன்னு இந்தத் தெருவுல நின்னே சொல்றேன். நானே வாறேன் தோட்டத்துக்கு, கங்காணிக்கிட்டப் பேசுறேன்."

"கைநாட்டு வெச்சாச்சுங்களே மொதலாளி. இனி தொர சொன்னாத்தான் வுடுவாங்க." அவன் குரலில் கோபமே இல்லை. "ஒங்களுக்குப் பிழைன்னு தெரிஞ்சது இன்னிக்கா? தம்புள்ளையில ஒங்க மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எதுத்தாப்புலதானே தபால் கந்தோரு. 'வூட்டுக்கு ஒரு தந்தி அடிச்சிட்டு வாடா'ன்னு சொல்லுவீங்கன்னு, ஸ்டார்ட் அடிக்கிற ஹேண்டிலைக் கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேனுங்க."

அவன் நின்றது ஜமால்தீனுக்கு நினைவு வந்தது. உண்மை தெரிந்த பிறகும் பழைய குணம் விடாமல், என்ன சதி யோசிக்கிறானோ என்று லொறிக்குள் இருந்தபடியே அவனை அதட்டியதும் நினைவு வந்தது.

சின்னமுத்து லொறிச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, கண்டிப் பக்கமாக, தோட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான்.