தம்பி பார்த்துக்கொள்கிறான்

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மலர்க்கொடி அரியலூர் கடைத்தெருவுக்குப் போவாள். ஒரு ஜோடிக் கரும்பு, மஞ்சள் கொத்து, இரண்டு கிலோ பச்சரிசி, வெல்லம், ஒரு சேலை. சேலையை மட்டும் மட்டமாக எடுக்க மாட்டாள். எடுத்தால் தெருப் பெண்கள் முந்தானையைத் தொட்டுப் பார்த்தே விலையைச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கும்போது, எதிர்வீட்டுப் பச்சையம்மாள் காதில் விழுகிற மாதிரிச் சொல்வாள்:

“தம்பி ஆள்கிட்ட குடுத்து விட்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கியாந்தேன்.”

எங்கள் பக்கத்தில் பொங்கல் சீர் என்பது கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத்தான். அண்ணனோ தம்பியோ கரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவே பார்க்கக் கொடுத்துவிட்டுப் போவான். கட்டிக்கொடுக்காத பெண்ணுக்கு யார் சீர் வைத்தார்கள்? மலர்க்கொடிக்கு இரண்டரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. காலில் இரும்புப் பட்டையும் பூட்ஸும் மாட்டினால்தான் நடக்கலாம். பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். இப்போது ஐம்பத்தொரு வயது. பத்துக்குப் பத்து வாடகை அறையில் ஒண்டியாக இருக்கிறாள். ஒண்டியாக இருப்பது கூட அவளுக்குப் பெரிதில்லை, கேட்க நாதியில்லாதவள் என்று தெரு நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் வருஷா வருஷம் இந்தக் கூத்து.

தம்பி என்று ஒருவன் இல்லாமல் இல்லை. ராஜவேல் அவளுக்கு நாலு வயது இளையவன். பெரம்பலூரில் பங்களா கட்டியிருக்கிறான். ஜல்லி உடைக்கும் கிரஷர் ஒன்று, டிப்பர் லாரி ஆறு. முதல் லாரி வாங்கும்போது பேங்க்கில் கடன் கேட்டான். குன்னம் பக்கத்தில் இருந்த அப்பாவின் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் அக்காவுக்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள். மலர்க்கொடி பத்திரம் எழுதுகிற இடத்துக்குப் போய், படித்துக்கூடப் பார்க்காமல், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். தம்பிக்குத்தானே என்றாள். அவன் புவனேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்து, வீடு பெரிதாகி, வீட்டில் அக்காவுக்கு இடம் சிறிதானது. “சும்மா வூட்டுலயே கெடந்தா மனசு கெட்டுப்போயிடும்க்கா” என்று சொல்லி, தன் வரிக்கணக்கைப் பார்க்கும் அரியலூர் ஆடிட்டர் ஆபீஸில் கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வைக்கும் வேலையில் சேர்த்துவிட்டான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை ஒருமுறைகூட அவள் அறையை வந்து பார்த்ததில்லை.

ஆபீஸ் சம்பளத்தில் வாடகையும் கேஸும் போனால் மிச்சம் சொற்பம். மாற்றுத்திறனாளி உதவித்தொகை மாதம் ஆயிரத்து ஐந்நூறு வருவதால்தான் வண்டி ஓடியது. ரேஷன் அரிசி இருக்கிறது, பட்டினி இல்லை. ஆனால் ஆபீஸுக்கு இரண்டு கிலோமீட்டர். அந்தப் பக்கம் டவுன் பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவும், தேய்ந்துபோகும் பூட்ஸும், கால் பட்டையின் வாரும் எல்லாம் அந்த ஆயிரத்து ஐந்நூறில்தான்.

போன பிப்ரவரியில் பட்ஜெட் அன்று ஆபீஸில் டிவி ஓடியது. வரி குறைந்திருக்கிறது என்றார்கள். வந்திருந்த லாரி அதிபர்களும் முந்திரி மண்டிக்காரர்களும் ஆடிட்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், என்னவோ அவர்தான் குறைத்த மாதிரி. ஆடிட்டர் அன்பழகன் சிரித்துக்கொண்டே ஜிலேபி வாங்கி வரச் சொன்னார். மலர்க்கொடி தட்டில் வைத்து எல்லோருக்கும் நீட்டினாள். வரி குறைந்தால் கட்டுகிறவனுக்குச் சந்தோஷம்தான், அதில் என்ன தப்பு? ஆனால் அங்கே குறைந்ததை எங்கே போய்ப் பிடிப்பார்கள் என்று ஜிலேபி வாயில் இருக்கும்போது எவனும் கேட்கவில்லை. மலர்க்கொடியும் கேட்கவில்லை. அவளுக்கும் ஒரு ஜிலேபி கிடைத்தது.

பத்து நாள் கழித்து அவள் தெருவுக்கு வி.ஏ.ஓ. வந்தார். உதவித்தொகை வாங்குகிறவர்களில் தகுதியில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், பட்டியலைச் சரிபார்த்து ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். தண்ணீர் வருகிற நேரம், குழாயடியில் தெருப் பெண்கள் எல்லாம் நின்றார்கள்.

“உங்களை யாராச்சும் வெச்சுப் பாத்துக்கறாங்களாம்மா?” என்று கேட்டார்.

மலர்க்கொடி வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாள் முந்திக்கொண்டாள். “யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க? அதோட தம்பி பெரம்பலூருல எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா? கிரஷர் வெச்சிருக்காரு. பொங்கலுக்குப் பொங்கல் சீர் வந்து எறங்கும். இந்த வருஷம் வந்த சேலையே ஆயிரம் ரூவா பெறும்.” பச்சையம்மாள் கெட்டவள் இல்லை. தோழியைத் தாங்கிப் பேசுவதாகத்தான் நினைத்தாள்.

வி.ஏ.ஓ. மலர்க்கொடியைப் பார்த்தார். “அப்படியாம்மா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் இத்தனை வருஷக் கரும்பும் சேலையும் அவளே வாங்கியது என்று குழாயடியிலேயே தெரிந்துபோகும்.

“ஆமாங்க. தம்பி பாத்துக்கறான்” என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு போனார். மார்ச்சிலிருந்து பணம் நின்றது.

ஏப்ரலில் தாலுகா ஆபீஸுக்குப் போனாள். நீங்கள் சகோதரர் பராமரிப்பில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்றார் கிளார்க். அவர் பராமரிக்கவில்லை என்று அவரே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் மறுபடி சேர்க்கலாம் என்றும் சொன்னார். அந்தக் காகிதத்தைத் தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தே இரண்டு மாதம் ஓட்டினாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்தாள். கால் பட்டையின் வார் இற்றுப்போய், இரும்பு தொடையில் உரசிப் புண் வைத்தது. தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஏறினாள். ராஜவேல் வீட்டில்தான் இருந்தான். புவனேஸ்வரி சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் மெல்ல விஷயத்தைச் சொன்னாள். கேட்டதும் ராஜவேல் முகம் மாறிவிட்டது.

“என்னக்கா பேசற நீ? நான் உன்னையப் பாக்கலைன்னு என் கையாலயே எழுதித் தரணுமா? நீ என் கூடப் பொறந்தவ. அந்தக் காயிதத்துல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? ஊரு என்னைக் காறித் துப்பாதா?”

அவன் குரல் கம்மியது. “தப்பா எடுத்துக்காதடா ராசு. நான் கேட்டிருக்கக் கூடாது” என்று அவளே சமாதானம் சொன்னாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். தன்னைக் கைவிட்டதாக ஒரு காகிதத்தில்கூட எழுத அவனுக்கு மனம் வரவில்லையே, அது போதும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நடந்த மூன்று மாதமும் புண் வலித்ததே தவிர மனம் வலிக்கவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், சுவரிடம் பேசுகிற மாதிரி, “பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை” என்று சொல்லிக்கொள்வாள். தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், அதை வைத்து மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள்.

செப்டம்பர் வந்தது. பெரிய ஆட்களுக்கெல்லாம் கணக்கு முடித்து அனுப்புகிற மாதம், ஆபீஸில் நிற்க நேரம் இருக்காது. அங்கே வேலை பார்க்கும் சண்முகப்பிரியா என்ற பெண் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, உங்க மாற்றுத்திறனாளி அட்டை நம்பர் வேணும். புதுசா குடுத்தாங்கல்ல, அது. பழைய அட்டை ஜெராக்ஸ்தான் இதுல இருக்கு.”

“என் நம்பர் எதுக்குப் பாப்பா?”

“உங்க தம்பி கணக்குக்கு. உங்களை வெச்சுப் பாத்துக்கறார்ல, அதுக்கு வருஷா வருஷம் வருமானத்துல எழுபத்தஞ்சாயிரம் கழிச்சுக் காட்டுவோம். உடம்பு முடியாத அக்கா தங்கச்சியைப் பராமரிச்சா கவர்ன்மென்ட்ல வரிச் சலுகை உண்டுக்கா. இப்ப நம்பர் இல்லாம ஏத்த முடியல.”

ஃபைலில் அவளுடைய புகைப்படம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ராஜவேல் போன் பண்ணி, உன் அட்டையை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடு அக்கா என்று கேட்டபோது, தன் பேரில் ஏதோ செய்யப் போகிறான் என்று பூரித்துப்போய் மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தாள். அந்த ஜெராக்ஸ்தான்.

ஜூன் மாதம் அவன் குரல் ஏன் கம்மியது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தச் சலுகை போயிருக்கும். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

மலர்க்கொடி நேரே ஆடிட்டர் அறைக்குப் போனாள். “சார், நான் நம்பர் தர மாட்டேன்” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். “தம்பி பாக்கறான்னு எழுதி என் பணத்தை நிறுத்திட்டாங்க சார். ஆறு மாசம் ஆவுது. அவன் பாக்கல. ஒரு நாள் கூடப் பாக்கல.”

அன்பழகன் காகிதத்தில் உள்ளதைக் கூட்டிக் கழிக்கிறவர், காகிதத்துக்கு வெளியே இருந்தவள் தினமும் அவருக்கு டீ வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து ராஜவேலைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“ராஜவேல், அக்கா அட்டை நம்பர் இல்லாம ஏத்த முடியல.”

“அவகிட்ட ஏன் சார் கேட்டீங்க?” பின்னால் கிரஷர் இரைச்சல் கேட்டது. “சரி விடுங்க, ரெண்டு சேலை எடுத்து அனுப்பறேன், குடுத்துடுவா. வாயில்லாப் பூச்சி சார் அவ.”

“அந்தம்மாவுக்கு உதவித்தொகை நின்னுபோச்சு. தெரியுமா?”

“அது என்ன பெரிய பணம் சார். மாசம் ஆயிரத்தி ஐநூறு.”

“வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். இதுல உங்களுக்கு மிச்சமாகறது இருபத்து மூணாயிரம் சொச்சம்.”

“அப்ப என்னுது ஜாஸ்திதானே சார்?” என்று சிரித்தான் ராஜவேல்.

“ராசு,” என்றாள் மலர்க்கொடி. “நான் இங்கதான்டா நிக்கறேன்.”

சிரிப்பு நின்றது. கிரஷர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா… சாப்ட்டியா?”

பன்னிரண்டு வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அவள் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போட்டிருப்பாள். இப்போது அந்தக் கேள்வி அவளை என்னவோ செய்தது, கோபம் கூட வரவில்லை.

“சாப்டறேன்டா. ரேஷன் அரிசி இருக்கு. நடக்கத்தான் முடியல. தொடையில புண்ணு வெச்சிருச்சு. நீ என்னையப் பாக்கலன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லடா. ஊரெல்லாம் நீ பாக்கறதாத்தான் சொல்லி வெச்சேன். அதையே நீயும் சொல்லி வெச்சிருக்க. நான் சொன்னதுல எனக்குப் பணம் போச்சு, நீ சொன்னதுல உனக்குப் பணம் வந்துச்சு.”

அவன் அவளிடம் இல்லை, ஆடிட்டரிடம் பேசினான். “சார், அதைக் கழிக்க வேணாம். எடுத்துடுங்க. அவ கேக்கற லெட்டரை நீங்களே டைப் பண்ணி வைங்க. டிரைவரை அனுப்பறேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்து விடறேன்.” போனை வைத்துவிட்டான்.

“முடிஞ்சுது மலர்” என்றார் அன்பழகன். அவருக்கும் சந்தோஷம்தான். “இனிமே உன் பணம் வந்துடும்.”

வரும்தான். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வந்துவிடும், ஆட்டோவில் போகலாம், வார் மாற்றலாம். அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் இன்று அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால், பாவம் அவனுக்கு ஆயிரம் வேலை என்று சுவரிடம் சொல்ல முடியாது. நடந்து வந்த அந்த மூன்று மாதம் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மலர்க்கொடி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஆடிட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே சண்முகப்பிரியா கம்ப்யூட்டரில் கடிதத்தை அடித்து முடித்துவிட்டுப் படித்துக் காட்டினாள். மேற்படி மலர்க்கொடி என் பராமரிப்பில் இல்லை, அவருக்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

“அக்கா, அவருக்கு வேற யாரும் இல்லைன்னும் ஒரு வரி சேத்துக்கவா? சேத்தா தாலுகா ஆபீஸ்ல சீக்கிரம் முடிச்சுக் குடுப்பாங்க.”

மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சேத்துக்க பாப்பா” என்றாள்.