மிலாக்ரோஸின் சட்டியில் இறைச்சி

அருள்நாயகியின் கடலைக்கறிச் சட்டி ஒன்பது வருடமாக வீட்டுக்கு வெறுமையாகவே திரும்பியது. பகல் முழுவதும் இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராக்களின் வீடு துடைக்கிறவளுக்கு வேறென்ன பெருமை இருக்கிறது? இத்தாலியில் அவள் இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதிப் பங்குக்கோயிலில், தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. ஆளுக்கொரு சட்டி கொண்டுவருவார்கள், இறைச்சி கூடாது. நான்காம் வெள்ளி யாருடைய சட்டி முதலில் காலியாகிறதோ, அவரிடம்தான் பங்குத்தந்தை தோன் சால்வோ பெரிய வெள்ளிச் சமையலை ஒப்படைப்பார். ஒன்பது வருடமும் அது அருள்நாயகிதான். இத்தாலியர்களே அவள் பெயரைச் சொல்லிக் கறி கேட்பார்கள்.

இந்த வருடம் மிலாக்ரோஸ் வந்து சேர்ந்தாள். அருள்நாயகி நெடுந்தீவு என்றால், அவள் கரீபியன் கடல் பக்கத்துத் தீவுக்காரி. இரண்டாம் வெள்ளி, கடலைக்கறி வழக்கமாக இருக்கும் நடு மேசையில் தன் பெரிய சட்டியை வைத்தாள். தன் ஊர் ஆட்டிறைச்சிக் குழம்பை இறைச்சி போடாமல் செய்திருக்கிறாளாம். கருஞ்சிவப்புக் குழம்பு. உள்ளே கிடந்த துண்டுகள் கரண்டி பட்டதும் நார் நாராகப் பிரிந்தன.

சனம் அங்கேயே மொய்த்தது. கட்டிய கணவன் ஜெயரட்ணமும் தட்டோடு எழும்பினார்.

“என்னப்பா, மூண்டாந்தரமும் போறியளோ?”

“நல்லாயிருக்கு நாயகி. நீயும் ஒருக்காச் சாப்பிட்டுப் பார்.”

எப்படிச் சாப்பிடுவது? மகள் லக்ஷனாவுக்கு இது பிள்ளை பெறும் மாசம். சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று நாற்பது நாளும் இறைச்சி நாக்கில் படாமல் இருப்பதாக அருள்நாயகிக்கு நேர்த்தி. அந்தச் சட்டியில் இருப்பது இறைச்சியேதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முப்பது வருடம் ஆட்டுக்கறி காய்ச்சியவளுக்கு நார் தெரியாதா? தின்றால் நேர்த்தி போச்சு. தின்னாவிட்டால் கள்ளியைப் பிடிக்க முடியாது. அன்றைக்குக் கடலைக்கறி பாதிச் சட்டியாக வீடு திரும்பியது. இரண்டு நாள் அதையே சாப்பிட்டாள். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மூன்றாம் வெள்ளி வரிசையில் நின்ற இரண்டு பெண்களின் காதில் அது இறைச்சிதான் என்று போட்டாள். பிறகு தோன் சால்வோவிடமே போய்ச் சொன்னாள். ஏற்கெனவே இரண்டு தட்டு சாப்பிட்டிருந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட மிலாக்ரோஸ் கோபிக்கவில்லை. “வியாழக்கிழமை வீட்டுக்கு வா. நான் சமைக்கிறதைக் கண்ணால் பார்,” என்றாள்.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற சந்தோசத்தில் அருள்நாயகி போனாள். மிலாக்ரோஸ் எண்ணெயில் சீனியைப் போட்டாள். அது உருகிப் பழுப்பாகி நுரைத்துக் கருகும் தறுவாய்க்கு வந்தது. கெட்டது சமையல் என்று இவள் உள்ளுக்குள் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மிலாக்ரோஸ் ஒரு தகர டின்னை உடைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே இருந்ததைப் பாகில் கொட்டிப் பிரட்டினாள்.

அருள்நாயகி டின்னைத் திருப்பிப் பார்த்தாள். பலாக்காய். தமிழிலேயே எழுதியிருந்தது. பலாறோ சந்தையில் தமிழர் ஸ்ரீபனின் கடையில் வாங்கியதாம். வாரா வாரம் அரிசி வாங்கப் போய் அந்தக் கடையின் அதே அலுமாரித் தட்டைத் தாண்டித்தான் அருள்நாயகி நடக்கிறாள். வெள்ளைக்காரர் இதையெல்லாம் தின்பார்களா என்று ஒன்பது வருடம் தொட்டே பார்க்கவில்லை.

இனித் தின்னலாம். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். ருசியாக இருந்தது, சனியன். பாடுபட்டுத் தேடிய இறைச்சி ஒரு துண்டாவது அதில் இருந்திருக்கக் கூடாதா என்று அழுகையே வந்துவிட்டது.

நான்காம் வெள்ளிக்குள் அந்த இறைச்சிக் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. செபம் முடிந்து தட்டுகளோடு எழும்பிய சனம் மிலாக்ரோஸ் பக்கமே போகவில்லை. மூடி திறக்காமலே சட்டி கிடந்தது. பக்கத்தில் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடலைக்கறிக்குச் சுவர்வரை வரிசை. பழைய நாள் திரும்பிவிட்டது. அருள்நாயகிக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

தோன் சால்வோ கையை உயர்த்தினார். “அருள்நாயகி நேர்த்தி இருக்கிறவள். சமைக்கும்போது கூட நின்றவளும் அவள்தான். அவள் சொல்லட்டும். அது இறைச்சியா?”

மண்டபம் அவளைப் பார்த்தது. ஓம் என்று ஒரு சொல் போதும், பெரிய வெள்ளி அவளுக்குத்தான். மற்ற நாளென்றால் வாய் கூசாமல் சொல்லியிருப்பாள். நேர்த்திக் காலத்தில் ஒருத்தியின் வயிற்றிலடித்துவிட்டு, நாளைக்கு மகளின் கட்டிலருகே எப்படி நிற்பது? மிலாக்ரோஸ் வேறு இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காமலாவது இருந்திருக்கலாம்.

“இறைச்சி இல்லை, பாத்ரே,” என்றாள் அருள்நாயகி. “எங்கட பலாக்காய்.”

முதலில் வரிசையை விட்டு விலகியவர் ஜெயரட்ணம். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கால் மணி நேரத்தில் மிலாக்ரோஸின் சட்டியில் அடி சுரண்டும் சத்தம் கேட்டது. தோன் சால்வோ அவளிடம் போய்ப் பெரிய வெள்ளியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

அருள்நாயகியால் பொறுக்க முடியவில்லை. “ஆனால் உப்புக் கொஞ்சம் கூட,” என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

உப்பு அளவாகத்தான் இருந்தது. அந்த ஒரு பொய்க்குச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டாள்.